பழைய மோட்டார் சைக்கிளுக்குச் சாமான் செலவு: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பழைய ஹொண்டா பென்லியையோ பி.எஸ்.ஏ.யையோ துடைத்துக் கொண்டுபோய்க் கல்முனைச் சந்தையடியில் நிறுத்திப் பாருங்கள், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். அவர் கேட்பது எப்போதும் இரண்டுதான்: என்ன விலைக்கு எடுத்தது, சாமான் எங்கே எடுக்கிறது. முதல் கேள்விக்கு யாரும் உண்மை சொல்வதில்லை. இரண்டாவதுக்கும் அதோடு ஒட்டி வருகிற மற்றவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். 1990க்கு முந்திய வண்டிகளைப் பற்றித்தான் பேச்சு. கடை விலைகளை வேண்டுமென்றே போடவில்லை, இன்றைக்கு எழுதினால் அடுத்த மாதம் அது பொய். செலவு எங்கே கூடுகிறது, எங்கே பிடிக்கலாம் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

பழைய வண்டி ஒன்றைச் செய்து எடுக்க மொத்தம் எவ்வளவு முடியும்?

வண்டியைப் பார்க்காமல் ஒருவர் தொகை சொன்னால் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள். எந்தக் கம்பனி வண்டி, எவ்வளவு சாமான் குறைவு, ஓடுவதற்கா கண்காட்சிக்கா, இந்த மூன்றிலும் கணக்கு தலைகீழாக மாறும்.

எல்லோரும் எஞ்சினைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். "எஞ்சின் சீஸ் ஆகி இறுகிக் கிடக்கு, அதால மலிவா தாறன்" என்று விற்பவர் சொன்னால் வாங்க வந்தவரின் முகம் விழுந்துவிடும். உண்மையில் சின்ன ஹொண்டா எஞ்சினை நம் ஊரிலேயே செய்யலாம்: லேத் கடை இருக்கிறது, பிஸ்டன் ரிங் கிடைக்கிறது, வேலை தெரிந்த மெக்கானிக் பாஸ்மார் ஓட்டமாவடியிலிருந்து அக்கரைப்பற்று வரை இருக்கிறார்கள். காசைத் தின்பது தகடும் குரோமியமும் தொலைந்துபோன சின்னச் சாமான்களும்தான். செயின் கவர், பக்கக் கவர், முன்விளக்கு வளையம், டாங்கியில் ஒட்டுகிற பெயர்ப்பட்டை, மீட்டர் கண்ணாடி இவையெல்லாம் அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்துபவை, வேறு வண்டியில் இருந்து கழற்றிப் போட முடியாது. ஆகவே எஞ்சின் போன, ஆனால் சாமான் முழுதாக இருக்கிற வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை. எஞ்சின் ஓடுகிற, தகடு பாதி இல்லாத வண்டி மலிவாக வந்தாலும் யோசியுங்கள்.

எந்த வண்டிக்குச் சாமான் மலிவு?

படுத்த எஞ்சின், அதாவது சிலிண்டர் கிடையாக முன்னுக்குப் படுத்திருக்கிற ஹொண்டாக்களுக்கு. சுப்பர் கப், சிடி 50, சிடி 70, சிடி 90 எல்லாம் இந்தக் குடும்பம். சுப்பர் கப் 1958இல் வந்தது, 2017இல் பத்துக் கோடியாவது வண்டியைச் செய்து முடித்தார்கள். இவ்வளவு எண்ணிக்கையில் ஓடுகிற ஒரு எஞ்சினுக்கு யாரும் சாமான் செய்வதை நிறுத்தமாட்டார்கள். பாகிஸ்தானில் சிடி 70ஐ இன்னமும் புதிதாகவே விற்கிறார்கள், சீனாவில் அதே வடிவத்தில் செய்கிற எஞ்சின்களுக்குக் கணக்கில்லை, தாய்லாந்தில் இருந்தும் வருகிறது. ரிங், கிளச் பிளேட், டைமிங் செயின், கஸ்கெட், காபரேட்டர் எல்லாம் கையெட்டும் விலைக்குக் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது சிடி 125, சிபி 125 ரி போன்ற இரட்டைச் சிலிண்டர் ஹொண்டாக்கள். ஓட்ட அருமையான வண்டிகள். ஆனால் பிஸ்டன் இரண்டு, ரிங் செட் இரண்டு, வால்வ் நாலு, சிலிண்டரைக் கடைந்து பெருப்பிக்கிற ரீபோர் கூலியும் இரண்டு சிலிண்டருக்கு. வாங்கும்போது இது நினைவுக்கு வராது, செய்யும்போது வரும்.

யமஹா ஆர்எக்ஸ் 100 வேறு கதை. இந்தியாவில் 1985 முதல் 1996 வரை செய்தார்கள், இரண்டு ஸ்ட்ரோக் என்பதால் வால்வும் இல்லை கேம்மும் இல்லை, எஞ்சின் வேலை சுலபம். ஆனால் அதன் மேல் இருக்கிற மோகம் சாமானின் விலையிலும் ஏறிவிட்டது. கம்பனிச் சாமான் என்று சொல்லி விற்கிற சிலிண்டர் செட்டில் நகல் நிறைய, பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பி.எஸ்.ஏ., டிரையம்ப், நோட்டன் மாதிரி இங்கிலாந்து வண்டிகளுக்கு இப்போது சாமான் கிடைக்குமா?

ஓம், கிடைக்கும், சில வேளை 1980களின் ஜப்பான் வண்டியைவிடச் சுலபமாகவே கிடைக்கும். அந்தக் கம்பனிகள் மூடி எத்தனையோ வருடமாகியும் அங்கே சின்னச் சின்ன நிறுவனங்கள் புதிதாகச் செய்கின்றன. அமால் காபரேட்டர் இன்றைக்கும் முழுதாகப் புதிதாக வாங்கலாம், உள்ளே போகிற ஜெட், ஊசி, மிதவை வரைக்கும் தனித்தனியாக. 1948 முதல் 1971 வரை வந்த பி.எஸ்.ஏ. பாண்டம் என்றால் ஏறக்குறைய எல்லாமே இருக்கிறது. சிக்கல் கிடைப்பதில் இல்லை, அதை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதில் இருக்கிறது. அந்தக் கணக்கு கீழே வருகிறது.

இன்னொரு மறைந்த செலவு உண்டு: நட்டும் போல்ட்டும். பழைய இங்கிலாந்து வண்டியில் மில்லிமீற்றர் கணக்கே கிடையாது. விட்வேர்த் என்கிற பழைய அங்குல அளவுகளும், அங்குலத்துக்கு 26 புரி வருகிற சைக்கிள் புரியும்தான். கராஜில் கிடக்கிற 8 மில்லிமீற்றர் போல்ட்டை எடுத்து முறுக்கினால் இரண்டு சுற்று போகும், பிறகு அலுமினியத்தைச் சீவிக்கொண்டு போகும், அப்புறம் லேத் கடையில் புஷ் அடித்துப் புதுப் புரி வெட்ட வேண்டும். சாவியும் அப்படித்தான், 14, 17 சாவி சரியாகப் பிடிக்காமல் நட்டின் மூலையை உருட்டிவிடும். ஒரு விட்வேர்த் சாவி செட் வாங்குவதை வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

ராயல் என்பீல்ட் மட்டும் விதிவிலக்கு. 1955இலேயே மதராசில் புல்லட் செய்யத் தொடங்கி, பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் செய்துகொண்டே இருந்தார்கள். அதனால் பழைய 350 புல்லட் வைத்திருப்பவர் லண்டனைப் பார்க்கத் தேவையில்லை, சென்னையைப் பார்த்தால் போதும். புதுப்பேட்டையில் பழைய சாமானும் உண்டு, புதுசும் உண்டு. ஒன்றிரண்டு அளவுகள் மாறியிருக்கலாம் என்பதால் பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. 19 அங்குல டயர் தேடுகிற பி.எஸ்.ஏ.க்காரர்களுக்கும் இந்தப் புல்லட் டயர்தான் கைகொடுக்கிறது.

வெளிநாட்டில் இருந்து தபாலில் எடுப்பித்தால் கணக்கு எப்படி வரும்?

பேச்சுக்கு ஒரு சாமான் இங்கிலாந்தில் 60 பவுண் என்று வைப்போம், தபால் செலவு 25 பவுண், ஒரு பவுண் 400 ரூபாய். முதலில் பார்க்க வேண்டியது அந்த 60இல் அவர்களுடைய வற் வரி அடங்கியிருக்கிறதா என்பது. அங்கே வற் நூற்றுக்கு 20, நாட்டுக்கு வெளியே அனுப்புகிற பொருளுக்கு அது இல்லை. அதைக் கழித்தால் விலை 50 பவுண். இதைக் கேட்காமல் காசு கட்டுகிறவர்கள் நிறையப் பேர், 4,000 ரூபாய் சும்மா போகிறது.

சரி, 50உம் 25உம் 75 பவுண், 30,000 ரூபாய். இங்கே வந்ததும் நம் வற், 2024 ஜனவரியில் இருந்து நூற்றுக்கு 18. அது மட்டும் குறைந்தது 5,400. அதற்கு முன்னால் சுங்கத் தீர்வையும் மற்ற வரிகளும் ஏறும், வற் கணக்குப் பார்ப்பது அவற்றையும் சேர்த்த தொகைக்கு, அதாவது வரிக்கு மேல் வரி. எந்த வீதம் என்பது சாமானை எந்த வகைக்குள் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆக 50 பவுண் சாமான் உங்கள் கைக்கு வரும்போது இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்கினால் ஏமாற்றம் இருக்காது.

தபால் செலவைக் கவனியுங்கள். ஒரு வோஷர் வந்தாலும் 25, ஒரு கிலோ சாமான் வந்தாலும் கிட்டத்தட்ட அதே. ஆகவே பட்டியல் போட்டு ஒரே தடவையில் எடுப்பியுங்கள். பக்கத்து ஊரில் அதே மாடல் வைத்திருப்பவரோடு சேர்ந்து எடுப்பித்தால் இன்னும் நல்லது. களுவாஞ்சிகுடியில் ஒருவரும் சம்மாந்துறையில் ஒருவரும் ஒரே பாண்டத்தோடு தனித்தனியாக மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பது நான் காண்கிற விஷயம்தான்.

டொலர் விஷயம் தெரிந்ததே. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த இரண்டு மாதத்தில் பாதியில் நின்ற வண்டிகள் சில இன்னும் சாக்குக்குக் கீழே கிடக்கின்றன.

லண்டன் மச்சானிடம் சொல்லி விட்டால்?

அதுதான் நம் பகுதியின் உண்மையான இறக்குமதி முறை. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்கு வருகிறவர்கள், கொக்கட்டிச்சோலைத் தேருக்கு வருகிறவர்கள், இவர்களுடைய பெட்டியில் ஒரு மூலை கேட்டால் மறுக்கமாட்டார்கள். ஆனால் கேட்பதில் ஒரு நியாயம் வேண்டும். தீப்பொறிக்கான பொயின்ட், கொண்டென்சர், காபரேட்டர் ஜெட், கஸ்கெட் செட், பல்ப், கேபிள், பெயர்ப்பட்டை இவை பாரமில்லாதவை, விலையும் அங்கே குறைவு. சைலன்சரும் மட்கார்ட்டும் கேட்டு மனுசனைச் சங்கடப்படுத்தாதீர்கள். பெற்றோல் மணக்கிற பழைய காபரேட்டரையும் டாங்கியையும் விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள், அது ஆபத்தான பொருள் கணக்கில் போகும்.

படம் அனுப்பி "இது மாதிரி ஒன்று" என்று சொல்லக்கூடாது. இலக்கம் அனுப்புங்கள். ஹொண்டாச் சாமான் இலக்கம் மூன்று துண்டாக வரும். முதல் ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்று சொல்லும், நடுவில் இருப்பது எந்த மாடலுக்கு என்று, கடைசித் துண்டு அதில் வந்த மாற்றம். 13101 என்று தொடங்கினால் பிஸ்டன், 13102 என்றால் கால் மில்லிமீற்றர் கூடின பிஸ்டன். நடுத்துண்டு பிழைத்தால் வருவது வேறு வண்டியின் சாமான்.

கொழும்புக்குப் போவதா, ஊரிலேயே தேடுவதா?

முதலில் ஊர். கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்கும் என்பது பாதி உண்மை, எதைக் கேட்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும். தெரியாமல் போனால் இரவு ரயிலில் போய், வெயிலில் அலைந்து, கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒன்றோடு திரும்பி வருவீர்கள். பழைய சாமானையே கையில் கொண்டுபோங்கள்.

பேரிங் வாங்க எங்கேயும் போகத் தேவையில்லை. அதன் விளிம்பில் ஒரு இலக்கம் அடித்திருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிப்பு 12 மில்லிமீற்றர், அது எந்த வண்டியில் இருந்தாலும் சரி, தண்ணீர் மோட்டரில் இருந்தாலும் சரி. "பென்லி பேரிங்" என்று கேட்டால் ஒரு விலை, "6203" என்று கேட்டால் வேறு விலை. ஒயில் சீலும் அப்படித்தான், மூன்று அளவும் அதன் முகத்திலேயே இருக்கும்.

படுவான்கரைப் பக்கம் வீடுகளில் இன்னும் சாமான் இருக்கிறது. வயலுக்கு நெல்லு மூட்டை ஏற்றி ஓடி முடிந்த சிடி 50, சிடி 90களின் பாகங்கள் குசினிக்குப் பின்னால் கிடக்கும். பழைய இரும்புக்காரர் வருவதற்கு முன்னால் நீங்கள் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரிஜினல் வாங்குவதா, சைனாச் சாமான் போதுமா?

சாமானைப் பொறுத்தது. கேபிள், கைப்பிடி, கண்ணாடி, இண்டிகேட்டர், ஸ்டாண்ட் ஸ்பிரிங் இவற்றில் சைனாவே போதும். பிஸ்டன் ரிங், வால்வ், டைமிங் செயின், கிளச் பிளேட் இவற்றில் நல்லதை வாங்குங்கள், ஏனென்றால் அது போனால் எஞ்சினைத் திரும்பப் பிரிக்கிற கூலி சாமான் விலையைத் தாண்டிவிடும்.

காபரேட்டர் நடுவில் நிற்கிறது. புது நகல் காபரேட்டர் மலிவு, பார்க்கவும் பளபளப்பு, ஆனால் உள்ளே ஜெட் துளைகள் சொன்ன அளவில் இருப்பதில்லை, ஐட்லிங் நிற்காது. வண்டியோடு வந்த பழைய கெய்ஹின் காபரேட்டரின் உடம்பு வெடிக்காமல், ஸ்லைட் தேயாமல் இருந்தால் அதற்கு மிதவை ஊசியும் ஜெட்டும் ஓ ரிங்கும் மட்டும் மாற்றுங்கள். செலவும் குறைவு, வண்டியும் ஒழுங்காக ஓடும். பிளக்கில் நகலே வேண்டாம், சின்ன ஹொண்டாவுக்கு 10 மில்லிமீற்றர்ப் புரிப் பிளக்தான், புரி சரியில்லாத நகலை முறுக்கினால் ஹெட் போய்விடும்.

6 வோல்ட்டை 12 ஆக்கினால் நல்லதா? எவ்வளவு முடியும்?

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் பேர் தேவையில்லாமல் காசு போடுவதும் இதில்தான்.

ஏன் மாற்றப் போகிறீர்கள்? "வெளிச்சம் இல்லை" என்பதுதான் பதில் என்றால் கொஞ்சம் பொறுங்கள். சின்ன ஹொண்டாக்களில் பலதில் முன்விளக்கு பற்றரியில் எரிவதில்லை, எஞ்சினோடு சுற்றுகிற மக்னெட்டுக்குள் இருக்கிற கொயிலில் இருந்து நேரே எரிகிறது. அக்சிலேட்டரைத் திருகத் திருக வெளிச்சம் கூடுவது அதனால்தான். அப்படியிருக்க, புதுப் பற்றரி போட்டு முன்விளக்கு கூடவில்லையே என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பதில் பிரயோசனம் இல்லை.

ஒரு மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சின் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது மக்னெட் வயர் வெளியே வருகிற இடத்தில் பாருங்கள், பிறகு பல்பின் இரண்டு முனையிலும் பாருங்கள். முதல் இடத்தில் 6.2, பல்பில் 5.1 என்று காட்டினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியில் தொலைந்துவிட்டது. 12 வோல்ட் வண்டியில் ஒரு வோல்ட் பெரிய விஷயமில்லை. 6 வோல்ட்டில் அது ஆறில் ஒரு பங்கு, சாதாரண இழை பல்பில் அதனால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தொலைத்தது யார் என்றால் சுவிட்சின் பச்சை பிடித்த செப்பு, ஹெட்லைட் கோப்பைக்குள் துருப்பிடித்த ஏர்த் போல்ட், யாரோ இடையில் முறுக்கிப் பொலித்தீன் சுற்றிய வயர். கடற்கரை ஊர்களில் இவை எல்லாமே சேர்ந்து இருக்கும். புது வயரும் நல்ல ஏர்த்தும் போடுங்கள், செலவு மிகக் கொஞ்சம். அதற்குப் பிறகும் திருப்தியில்லை என்றால் 12க்குப் போங்கள்.

போவதென்றால், 1980களில் வந்த 12 வோல்ட் மாடலின் மக்னெட்டும் உள்ளே இருக்கிற கொயில் தட்டும் இரண்டும் ஜோடியாக வேண்டும், கிராங்கின் கூம்புக்குச் சரியாக உட்கார வேண்டும். அதோடு பொயின்டுக்குப் பதிலாகத் தீப்பொறியைக் கொடுக்க வைக்கிற சி.டி.ஐ. பெட்டி, இக்னிஷன் கொயில், ரெகுலேட்டர், பற்றரி, ஹோர்ன், பிளாஷர், எல்லா பல்பும். மக்னெட் விலையை மட்டும் கேட்டுவிட்டு இறங்குகிறவர்கள் இந்த வாலை மறந்துவிடுகிறார்கள். லாபம் என்னவென்றால் பொயின்ட் தொல்லை முடிந்தது, சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும். தினமும் வேலைக்கு ஓடுகிற வண்டிக்கு நான் ஓம் என்றுதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை கல்லடிப் பாலத்துக்கும் திரும்பியும் ஓடுகிற வண்டிக்குத் தேவையில்லை.

எல்.ஈ.டி. பல்ப் போடுகிறவர்கள் கவனிக்க: கொயிலில் இருந்து நேரே வருவது ஆடலோட்டம் (ஏ.சி.), அதைத் தாங்கும் என்று எழுதியிருக்கிற பல்ப் இல்லையென்றால் துடிக்கும், சீக்கிரம் எரிந்தும் போகும்.

இங்கிலாந்து வண்டிக்கும் இதே முறையா?

இல்லை. லூக்காஸ் டைனமோ இருக்கிற வண்டியில் டைனமோவில் கை வைக்காமலே 12 வோல்ட் எடுக்கலாம். எவ்வளவு வோல்ட் என்பதை முடிவு செய்வது ரெகுலேட்டர்தான், ஆகவே பழைய ரெகுலேட்டரின் இடத்தில் மின்னணு ரெகுலேட்டர் ஒன்றும் 12 வோல்ட் பற்றரியும் பல்பும் போதும். சார்ஜ் தொடங்க எஞ்சின் கொஞ்சம் கூட வேகம் சுற்ற வேண்டும், அதுதான் விலை. இந்த வண்டிகளில் பலதில் பற்றரியின் பொசிட்டிவ்தான் ஏர்த். அதைத் தெரியாமல் நெகட்டிவை ஏர்த்துக்குக் கொடுத்தால் புது ரெகுலேட்டர் அந்த நிமிடமே போய்விடும், யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.

பற்றரி இல்லாமலே பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற மெக்னீற்றோ உள்ள வண்டி குளிரில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கிற கொண்டென்சர். அதற்குச் சுருளைத் திரும்பச் சுற்றிப் புதுக் கொண்டென்சர் வைக்க வேண்டும், வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

முன்னுக்கு டிஸ்க் பிரேக் போடலாமா?

போடலாம், ஆனால் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. டிஸ்க் என்றால் போர்க், ஹப், ரிம், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் என்று முன்பக்கம் முழுவதும் வேறு வண்டியுடையதாகிவிடும், கழுத்துப் பேரிங் பொருந்தாமல் லேத் வேலையும் வரும். அதில் ஐந்தில் ஒரு பங்கு காசில் டிரம்மை லேத்தில் ஒரு மெல்லிய வெட்டு வெட்டி வட்டமாக்கி, பிரேக் ஷூவுக்கு நல்ல லைனர் ஒட்டி, ஷூவின் வளைவை டிரம்முக்குச் சரியாக உட்கார வைத்து, புதுக் கேபிள் போட்டுப் பாருங்கள். ஐம்பது அறுபதில் ஓடுகிற வண்டி அழகாக நிற்கும்.

50ஐ 70 ஆக்கித் தருகிறோம் என்கிறார்களே?

செய்யலாம், படுத்த எஞ்சின் 50க்கும் 70க்கும் ஸ்ட்ரோக் ஒன்றே, 41.4 மில்லிமீற்றர், சிலிண்டர் விட்டம்தான் 39இல் இருந்து 47 ஆகிறது. ஆனால் பதிவுப் புத்தகத்தில் இருப்பது 50. விபத்து ஒன்று நடந்து காப்புறுதிக்காரர் எஞ்சினைப் பார்க்க வந்தால் அன்றைக்குத் தெரியும் அதன் விலை. முழு எஞ்சினையே மாற்றுவதென்றால் இயந்திர இலக்கம் மாறுகிறது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்தே ஆக வேண்டும். நிறம் மாற்றினாலும் அப்படித்தான். இந்த அலைச்சலையும் செலவில் எழுதுங்கள்.

ஒரு சிலிண்டரை எத்தனை தடவை ரீபோர் பண்ணலாம்?

ஹொண்டாவுக்குக் கால், அரை, முக்கால், ஒரு மில்லிமீற்றர் என்று நாலு படி பிஸ்டன் வரும். இங்கிலாந்து வண்டிக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் 20, 40, 60. கடைசிப் படியும் தாண்டினால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்கிற புது உறை அடிக்கலாம். ஒரு விதி: பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் சிலிண்டரை லேத்துக்குக் கொடுக்க வேண்டும். லேத்காரர் அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கு வெட்டுவார். முதலில் வெட்டிவிட்டுப் பிஸ்டன் தேடினால் அந்த அளவில் பிஸ்டன் வராமலே போகலாம்.

குரோமியம் அடிக்க ஏன் இவ்வளவு காசு? அடித்தாலும் ஏன் நிற்பதில்லை?

நாம் பார்க்கிற குரோமியம் ஒரு மைக்ரோனுக்கும் குறைந்த தோல். துருவைத் தடுப்பது அதற்குக் கீழே இருக்கிற நிக்கல் படை, நல்ல வேலையில் அதற்கும் கீழே செப்பு. பழைய படையை நீக்கி, குழிகளை நிரப்பி, கண்ணாடி மாதிரி மினுக்கி, பிறகுதான் முலாம். காசு அந்த மினுக்கலுக்கும் நிக்கலுக்கும் போகிறது. மலிவாகச் செய்கிற இடத்தில் நிக்கலை மெல்லிசாகத் தொட்டுவிட்டு மேலே குரோமியம் அடிப்பார்கள், வீட்டுக்கு வரும்போது இரண்டும் ஒரே பளபளப்பு. வித்தியாசம் ஒரு மாரியில் தெரியும். கல்லடி, மருதமுனை, நிந்தவூர் மாதிரிக் கடல் பக்கத்து வீட்டில் மார்கழி முடியும்போது ரிம்மில் மண்ணிறப் புள்ளிகள் வந்து நிற்கும்.

என் கருத்து, ஓட்டுகிற வண்டிக்கு ரிம்மும் ஹாண்டில் பாரும் மட்டும் நல்ல இடத்தில் கொடுத்துச் செய்யுங்கள், மற்றவற்றுக்கு நல்ல வெள்ளிப் பெயின்ட் போதும். ஸ்போக் கம்பியும் நட்டும் ஸ்டெயின்லெஸ் போட்டால் துருத் தொல்லை விட்டது. ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அலுமினியத்துக்குள் வெறுமனே முறுக்காதீர்கள், உப்புக் காற்றில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கிரீஸ் தடவி முறுக்குங்கள்.

டாங்கிக்குள் துரு. புது டாங்கி தேட வேண்டுமா?

முதலில் வெளிச்சம் அடித்து உள்ளே பாருங்கள், பிறகு டாங்கியைக் கவிழ்த்துக் கீழ் மடிப்பை விரல் நகத்தால் அழுத்துங்கள். பெயின்ட்டுக்குக் கீழே பொருக்குப் பொருக்காக உள்வாங்கினால் தகடு போய்விட்டது. வெறும் மேல்துரு என்றால் குழாயைக் கழற்றி அடைத்து, வினாகிரி ஊற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் ஒரு துண்டுச் செயினை உள்ளே போட்டுக் குலுக்கி ஊற்றினால் கறுப்பாக வரும். அப்பச்சோடாத் தண்ணீரால் கழுவி, உடனே வெயிலில் காயவைத்து, கொஞ்சம் ஒயில் கலந்த பெற்றோல் ஊற்றிச் சுழற்றுங்கள். காயவைக்கத் தாமதித்தால் பின்னேரத்துக்குள் மறுபடி சிவக்கும். பாத்ரூம் கழுவுகிற அசிட் வேண்டாம், துருவோடு தகட்டையும் சேர்த்துத் தின்னும். ஓட்டை இருந்தால் பெற்றோல் இருந்த டாங்கியை அப்படியே வெல்டிங்குக்குக் கொடுக்கவே கூடாது, வெறுமையாகத் தெரிகிற டாங்கியில் நிற்கிற ஆவிதான் வெடிக்கும்.

2004 சுனாமியிலோ வெள்ளத்திலோ மூழ்கின வண்டியை வாங்கலாமா?

வெள்ளம் பரவாயில்லை, நல்ல தண்ணீர், சேறு கழுவினால் போகும். கடல் தண்ணீரில் மூழ்கி அன்றைக்கே பிரித்துக் கழுவாத வண்டி என்றால் தகட்டுக்காகவும் புத்தகத்துக்காகவும் மட்டும் வாங்குங்கள், எஞ்சினுக்கு ஒரு சதமும் கணக்கில் போடாதீர்கள். ஹெட்லைட்டைக் கழற்றிக் கோப்பைக்குள் பாருங்கள், மக்னெட் கவரைத் திறந்து அலுமினியத்தில் வெள்ளைக் குழிகள் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் கவரைத் திறக்க விடவில்லை என்றால் அதுவே பதில்.

பெற்றோல், ஒயில்?

92 ஒக்டேன் போதும், 95 ஊற்றுவதால் பழைய எஞ்சினுக்கு ஒரு நன்மையும் இல்லை. ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றதிலிருந்து வால்வ் சீட் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள், மெதுவாக ஓடுகிற வண்டியில் அதை நினைத்துக் காசு போடத் தேவையில்லை. சின்ன ஹொண்டாவில் கடதாசி பில்டர் இல்லை, வலைதான், அதனால் ஒயிலை அடிக்கடி மாற்றுங்கள், ஒரு லீட்டரும் பிடிக்காது. கிளச் ஒயிலுக்குள் கிடக்கிறபடியால் கார் ஒயில் வேண்டாம், போத்தலில் ஜாசோ எம்.ஏ. (JASO MA) என்கிற மோட்டார் சைக்கிள் ஒயில் குறியீடு இருப்பதை வாங்குங்கள்.

கையில் காசு கொஞ்சம்தான் இருக்கிறது, எதில் தொடங்குவது?

பிரேக், டயர், வயரிங். பிறகு எஞ்சின். பெயின்ட்டும் குரோமியமும் கடைசியில். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள், புதுப் பெயின்ட் அடித்த டாங்கியில் எஞ்சின் வேலைக்கு வந்த பாஸின் ஸ்பனர் விழுகிறது. இன்னொன்று, முழு வண்டியையும் ஒரே நாளில் பிரித்துப் போடாதீர்கள். சாக்கில் கட்டி வைத்த வண்டி விலைக்கு வருவதெல்லாம் அப்படித்தான்.

கூலி எப்படிப் பேசுவது?

வேலை வேலையாகப் பேசுங்கள், மொத்தமாகப் பேச வேண்டாம். கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

செய்து முடித்த வண்டியை விற்றால் போட்ட காசு வருமா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 தொடக்கத்தில்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் ஓடுகிற எதற்கும் விலை ஏறியது, பழைய ஹொண்டாக்களும் அதோடு சேர்ந்து ஏறின. அதை நம்பி இப்போது செய்ய இறங்கினால் கணக்கு உதைக்கும், புது வண்டி வரத் தொடங்கிவிட்டது. சாதாரண சிடி 50க்குப் போட்ட காசு முழுதாக வராது. பழைய ஸ்ரீ இலக்கத் தகடு, பிறந்த எஞ்சின், சரியான புத்தகம் மூன்றும் இருக்கிற இங்கிலாந்து வண்டிக்கு வரலாம், அதற்கும் ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டும். பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் கைமாறிக் கைமாறி வந்த வண்டிக்கு நீங்கள் தங்கத்தில் சைலன்சர் போட்டாலும் விலை இல்லை.

மாற்றின சாமானை எறியாமல் வைத்திருங்கள். 12 வோல்ட் ஆக்கின வண்டியைக் கேட்டு வருகிறவர், கழற்றிய 6 வோல்ட் மக்னெட்டும் பொயின்ட் தட்டும் ஒரு பெட்டியில் கூட வருகிறது என்றால் கூடக் கொடுப்பார். வண்டியின் பிரேமில் புது ஓட்டை போட்டும் வெட்டியும் செய்த மாற்றத்துக்கு அவர் குறைத்துத்தான் கேட்பார், அவர் கேட்பதும் சரிதான்.